766 பைட்டில் ஒரு கூம்புக் குடுவை: ஐகோஎஃப்எக்ஸ் 1.6.4, கூடவே பழைய பெயின்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புதிதாக வந்த எதைப் பற்றியும் இல்லை. ஐகோஎஃப்எக்ஸ் என்ற ஐகான் போடும் மென்பொருளின் 1.6.4 பதிப்பு (இலவசமாக வந்ததில் கடைசி இதுதான், 2.0-விலிருந்து காசு), அதற்குத் துணையாக விண்டோஸ் எக்ஸ்பியோடு ஒட்டிக்கொண்டு வரும் பெயின்ட். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இந்த மே மாதம் முழுக்க, வேலூர் வெயிலுக்குப் பயந்து கடைக்கு ஆள் வராத மத்தியான நேரங்களில், அறிவியல் ஐகான்கள் 43 போட்டேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன். பொழுதுபோக்கு என்று நினைத்து ஆரம்பித்தது, பாதியில் பத்தாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தைக் கடன் வாங்கிப் படிக்கிற நிலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது.

நான் லாங்கு பஜார் பக்கம் ஒரு சந்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி, இதுதான் பிழைப்பு. பேஜ்மேக்கர் 7-இல் போட்ட பழைய பத்திரிகைகளும் அதற்கான பழைய தமிழ் எழுத்துருக்களும் இருப்பதால் ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டரை இன்னும் சாகவிடாமல் வைத்திருக்கிறேன். என் அக்கா காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அங்கே ஆய்வகத்தில் எட்டு கம்ப்யூட்டர்கள், எட்டிலும் எக்ஸ்பி, இன்டர்நெட் கிடையாது. செய்முறை வீடியோ, படம், வினாத்தாள் எல்லாம் ஃபோல்டர் ஃபோல்டராகக் கிடக்கிறது, எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில், எல்லா ஃபோல்டரும் ஒரே மஞ்சள். ஆறாம் வகுப்புப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு உப்புப் பகுப்பாய்வைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கிறதாம்.

"இன்னாடா தம்பி, ஊர்ல இருக்கிற கல்யாணத்துக்கெல்லாம் மயிலும் வாழமரமும் போட்டுக் குடுக்கிற, எனக்கு ஒரு குடுவை போட்டுத் தர மாட்டியா?" என்றாள். ஒரு குடுவைதானே என்று ஒத்துக்கொண்டேன். அதுதான் தப்பு.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நெட்டில் இருந்து அழகழகான அறிவியல் ஐகான்களை இறக்கினேன். கண்ணாடி பளபளப்பு, நிழல், உள்ளே குமிழி, எல்லாம் 256 பிக்சலில் பார்க்கும்போது தட்டில் வைத்த மக்கன் பேடா மாதிரி இருந்தது. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் ஆய்வகத்து மானிட்டரில் 32 பிக்சலில் போட்டால், குடுவை, தொலைநோக்கி, அணு எல்லாமே ஒரே நீலக் கறை. எது எது என்று எனக்கே தெரியவில்லை. பெரிய படத்தைச் சுருக்கினால் சின்னப் படம் வரும் என்பது போட்டோவுக்குச் சரி. ஐகானுக்குச் சரிப்படாது. 256-இல் ஒரு கண்ணாடிக் குழாயின் விளிம்பு நாலு பிக்சல் அகலம் என்றால், 32-க்குச் சுருக்கும்போது அது அரை பிக்சல். அரை பிக்சல் என்று ஒன்று கிடையாது, ஆகவே மென்பொருள் அதைப் பின்னணியோடு குழைத்து ஒரு சாம்பல் நிறமாக்கிவிடும். இதை எந்த மென்பொருளில் செய்தாலும் இப்படித்தான், பழையது புதியது வித்தியாசமில்லை.

சரி, கையால் போடுவோம் என்று முடிவு செய்தபோதுதான் பழைய சாமான்களின் அருமை தெரிந்தது.

எக்ஸ்பி பெயின்ட்டைப் பற்றி எல்லாரும் கிண்டல் செய்வார்கள். ஆனால் 32-க்கு 32 கட்டத்தில் வேலை செய்ய அதைவிட வெறுமையான, தொல்லை இல்லாத இடம் வேறு இல்லை. கன்ட்ரோல் இ அடித்து அகலம் 32, உயரம் 32 கொடுக்க வேண்டியது. பூதக்கண்ணாடியை எடுத்தால் 1, 2, 6, 8 மடங்கு என்று காட்டும். 8-க்குக் கீழே ஒன்றுமில்லாத அந்த ஓரக்கோட்டில் சரியாகக் குறிவைத்துக் க்ளிக் செய்தால் 10 மடங்கு ஆகும், இது மெனுவில் எங்கேயும் எழுதப்படாத சமாச்சாரம், எனக்கு இருபது வருஷத்துக்கு முன் ஒரு பிரவுசிங் சென்டரில் ஒரு பையன் காட்டிக் கொடுத்தான். கன்ட்ரோல் ஜி அடித்தால் கட்டம் விழும். அழிப்பானை இடது பொத்தானால் இழுத்தால் எல்லாவற்றையும் அழிக்கும். வலது பொத்தானால் இழுத்தால் முன்னணி நிறத்தை மட்டும் தேடிப்பிடித்துப் பின்னணி நிறமாக மாற்றும், மற்ற நிறங்களைத் தொடாது. இந்த ஒன்றுக்காகவே நான் பெயின்ட்டை மன்னிப்பேன். ஏனென்றால் குடுவைக்குள் இருக்கும் திரவத்தின் நிறத்தை மட்டும் மாற்றி அமிலம், காரம், நடுநிலை என்று மூன்று ஐகான் செய்ய அரை நிமிஷம்தான் ஆகிறது.

மன்னிக்க முடியாதது: கன்ட்ரோல் இசட் மூன்று தடவைக்கு மேல் பின்னால் போகாது. நாலாவது தப்பு செய்தால் உங்கள் தலையெழுத்து. இன்னொன்று, பின்னணியை ஒளிபுகும்படி விட்டு ஐகானாகச் சேமிக்க அதற்குத் தெரியாது. அதனால்தான் ஐகோஎஃப்எக்ஸ்.

அதை இறக்குவதில் ஒரு கூத்து நடந்தது. பழைய மென்பொருள் கிடைக்கும் தளம் ஒன்று, பெயர் வேண்டாம், பெரிய பச்சைப் பொத்தான் காட்டியது. அதை அழுத்தினால் வந்தது வேறு என்னவோ. நிறுவியதும் பிரவுசரில் ஒரு கருவிப்பட்டை, முகப்புப் பக்கம் மாறிவிட்டது, வானிலை சொல்ல ஒரு சன்னல் வேறு. வேலூரில் மே மாதம் வானிலை சொல்ல ஒரு மென்பொருள் தேவையா? அதையெல்லாம் களைய ஒரு மத்தியானம் போனது. பிறகு தோட்டப்பாளையத்தில் இருக்கும் ஒரு நண்பரின் பழைய சிடியில் சுத்தமான நிறுவல் கோப்பு கிடைத்தது. நீங்கள் தேடுவதானால் பச்சைப் பொத்தானை நம்பாதீர்கள், ஒன்றுக்கு இரண்டு தடவை வைரஸ் சோதனை செய்துவிட்டுத் திறங்கள்.

ஐகோஎஃப்எக்ஸில் எனக்குப் பிடித்தது, ஒரு ஐகான் கோப்பு என்பது ஒரு படம் இல்லை, பல படங்களின் பை என்பதை அது மறைக்காமல் காட்டுவது. ஒரே கோப்புக்குள் 16, 32, 48 என்று வெவ்வேறு அளவும், 16 நிறம், 256 நிறம், முழு நிறம் என்று வெவ்வேறு ஆழமும் வைக்கலாம். எந்த இடத்தில் எது வேண்டுமோ அதை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து தனித்தனியாக வரையலாம் என்பதுதான் முக்கியம். பெயின்ட்டில் வரைந்ததை இங்கே ஒட்டி, பின்னணியை ஒளிபுகும்படி ஆக்கிச் சேமித்தால் வேலை முடிந்தது. நாற்பதுக்கும் மேல் எஃபெக்ட் வைத்திருக்கிறார்கள், நிழல், புடைப்பு, மங்கல் என்று. 43 ஐகானில் ஒன்றுக்குக்கூட எனக்கு அது தேவைப்படவில்லை. எக்ஸ்இ, டிஎல்எல் என்ற விண்டோஸ் நிரல் கோப்புகளுக்குள் இருக்கும் ஐகான்களைப் பிய்த்து எடுத்துப் பார்க்கும் வசதி மட்டும் பல நாள் பொழுதைத் தின்றது. எக்ஸ்பியின் ஷெல்32 டிஎல்எல் கோப்பைத் திறந்து, மறுசுழற்சிக் கூடையை மைக்ரோசாஃப்ட்காரர்கள் 16 பிக்சலில் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பாருங்கள், பாடமே நடத்தலாம்.

தலைப்பில் இருக்கும் 766-ஐச் சொல்லிவிடுகிறேன். 32-க்கு 32, 16 நிறம், இப்படி ஒரே படம் உள்ள ஐகான் கோப்பு சரியாக 766 பைட். தலைப்புப் பகுதி 6, பட்டியல் 16, படத்தின் விவரம் 40, நிறப்பலகை 64, படம் 512, எது ஒளிபுகும் எது புகாது என்று சொல்லும் முகமூடி 128. கூட்டிப் பாருங்கள். இதே குடுவையை 256 பிக்சலில், முழு நிறத்தில், சுருக்காமல் வைத்தால் 2,70,398 பைட். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்போ ஒரு ஃப்ளாப்பியில ஆயிரக்கணக்குல வைக்கலாமா?" என்றாள். கணக்குப்படி ஆயிரத்துக்கு மேல் கொள்ளும், ஆனால் 1.44 எம்பி ஃப்ளாப்பியின் முதல் அடுக்கில் 224 பதிவுகளுக்கு மேல் இடம் கிடையாது, உள்ளே ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள்தான் அடுக்க வேண்டும் என்றேன். "யாருடா இப்போ ஃப்ளாப்பி வச்சிருக்காங்க" என்று அவளே முடித்துவிட்டாள்.

இனி வரைந்த கதை. கட்டத்தில் வரைவது புள்ளிக் கோலம் மாதிரி என்று என் மனைவி சொன்னாள். கொஞ்சம்தான் அப்படி. கோலத்தில் புள்ளிகளுக்கு நடுவே கோடு வளையும், இங்கே புள்ளியேதான் கோடு. எனக்கு உதவியது இயற்பியல் செய்முறைக்கு வாங்கும் கிராஃப் ஷீட். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கட்டம், ஆக 3.2 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று போட்டால் அதுவே 32-க்கு 32. பென்சிலால் நிரப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் அந்த மூன்று கன்ட்ரோல் இசட்டே போதுமாக இருக்கிறது. மெக்கின்டோஷுக்கு 1984-இல் வந்த ஐகான்களைப் போட்ட சூசன் கேரும் கட்டம் போட்ட நோட்டில்தான் 32-க்கு 32 ஆக முதலில் வரைந்தாராம், பிறகு 1990-இல் விண்டோஸ் 3.0 ஐகான்களையும் அவர்தான் செய்தார். அவருக்கு வராத அவமானம் எனக்கு மட்டும் எங்கிருந்து வரப்போகிறது.

பென்சீன் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுகோணம், சுலபம் என்றுதான் தோன்றும். முனை மேலே இருக்கும்படி நிறுத்தினால் சாய்வுக் கோடுகள் 30 பாகையில் இறங்க வேண்டும். பிக்சல் கட்டத்தில் 30 பாகை என்று ஒரு சுத்தமான கோடு கிடையாது. இரண்டு பிக்சல் பக்கவாட்டில், ஒன்று கீழே, இப்படிப் படி இறக்கினால் 26.57 பாகை வரும், கண்ணுக்கு அது போதும். ஒழுங்கான அறுகோணத்தில் உயரம் அகலத்தைப் போல 1.155 மடங்கு. 16 பிக்சல் கட்டத்தில் அகலத்தை 14 என்று வைத்தால் உயரம் 16.17, அதாவது 16. மேலே நடுவில் இரண்டு பிக்சல், அடுத்த வரிசையில் இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு, இப்படி நாலு வரிசை விரிந்து, எட்டு வரிசை நேராக நின்று, நாலு வரிசை குவிந்தால் மொத்தம் 16. இடமும் வலமும் ஒவ்வொரு பிக்சல் காலி. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இதை வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

நிறம்தான் பெரிய தலைவலி. 16 நிறப் பலகையில் கறுப்பு, வெள்ளை, இரண்டு சாம்பல், அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், மஜந்தா, சயான், இவற்றின் இருட்டு வடிவங்கள், அவ்வளவுதான். ஆரஞ்சு கிடையாது, பழுப்பு கிடையாது. வேதியியலுக்கு இது எப்படி இருக்கிறது என்றால், சில இடத்தில் அதிர்ஷ்டம், சில இடத்தில் அழுகை. பினாஃப்தலீன் காரத்தில் காட்டும் இளஞ்சிவப்புக்கு மஜந்தா அப்படியே பொருந்தியது. மயில்துத்தத்துக்கு நீலமும் சயானும். பெர்மாங்கனேட்டுக்கு இருட்டு ஊதா. பொட்டாசியம் டைகுரோமேட் வந்தபோது மாட்டிக்கொண்டேன், அது பச்சை ஆரஞ்சு நிறம். பச்சை என்றால் அசல் என்கிற அர்த்தத்தில் சொல்கிறேன், பச்சையாக மாறுவது வேதிவினையில் அதை ஒடுக்கிய பிறகு. ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் குரோமியம் என்றால் புத்தகத்தில் வரும் பெயர் இல்லை, தோல் பதனிடும் தொழிலும் கழிவும் மஞ்சள் தண்ணீரும் பார்த்து வளர்ந்தவர்கள், நிறத்தில் ஏமாற்ற முடியாது. சிவப்பும் மஞ்சளும் சதுரங்கப் பலகை போல மாற்றி மாற்றி வைத்தால் தூரத்தில் ஆரஞ்சாகத் தெரியும் என்பது பழைய வித்தை. என் கடையில் இருக்கும் பழைய டப்பா மானிட்டரில் அது நன்றாகவே கலந்தது. ஆய்வகத்து எல்சிடியில் ஒவ்வொரு பிக்சலும் கூர்மையாகத் தெரிந்ததால், மிளகாய்த்தூளையும் மஞ்சள்தூளையும் கலக்காமல் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. கடைசியில் அந்த ஒரு ஐகானுக்கு மட்டும் 256 நிறத்துக்குப் போனேன். கொள்கையை விட்டுக்கொடுத்ததாகவே இன்னும் உறுத்துகிறது.

டிஎன்ஏ விஷயத்தில் மானம் போனது. இரட்டைச் சுருளில் பாதியை வரைந்து, மீதிக்கு இடவலமாகத் திருப்பி ஒட்டினேன், உழைப்பு மிச்சம் என்று. அழகாகவும் இருந்தது. அக்கா பள்ளியின் உயிரியல் டீச்சர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், இதுல பாதி இடக்கைச் சுருளா இருக்கே" என்றார். நம் உடம்பில் பெரும்பாலும் இருக்கும் டிஎன்ஏ வலக்கைச் சுருள். சாதாரண போல்ட்டின் மரை எப்படிப் போகிறதோ அப்படி, முன்பக்கம் தெரியும் இழை கீழே இடப்புறத்திலிருந்து மேலே வலப்புறம் ஏற வேண்டும். கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பினால் அது இடக்கைச் சுருளாகிவிடும், மேல்கீழாகக் கவிழ்த்தாலும் அப்படியே. 180 பாகை சுழற்றினால் மட்டும் மாறாது. மெனுவில் திருப்பு, சுழற்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஒன்று டிஎன்ஏவை மாற்றும், இன்னொன்று மாற்றாது. 32 பிக்சலில் எந்த இழை முன்னால், எது பின்னால் என்று காட்ட இருப்பது ஒரே வழி, இரண்டும் குறுக்கிடும் இடத்தில் பின்னால் போகும் இழையை ஒரு பிக்சல் வெட்டுவது. அந்த ஒரு பிக்சலைத் தப்பான பக்கம் வெட்டினால் சுருளின் கையே மாறிப்போகும். அந்த டீச்சர் சொன்ன பிறகு நெட்டில் இருக்கும் டிஎன்ஏ படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். இடக்கைச் சுருள் அங்கங்கே கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

வானியலுக்கு நம்ம பக்கத்தை விட்டு வேறு எங்கே போவது. ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது, பழைய வடாற்காடு, இப்போது திருப்பத்தூர் மாவட்டம். வைனு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இலிருந்து அங்கே நிற்கிறது. அதன் வெள்ளைக் குவிமாடத்தை 32 பிக்சலில் வரைவது சுகம். அரைவட்டம், நடுவே திறந்த பிளவு, கீழே உருளைக் கட்டடம், பின்னால் இருட்டு நீலம், முடிந்தது. பிறகு யுரேனஸ். 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்த வெளிச்சம் முன்னும் பின்னும் மினுக்கி மினுக்கிக் குறைந்ததை வைத்துத்தான் அதற்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அமெரிக்கர்கள் விமானத்தில் வைத்த தொலைநோக்கியில் பார்த்தார்கள், காவலூரிலும் 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்தார்கள். அதனால் இந்த ஐகானைச் சனியின் நகலாக விட மனசு வரவில்லை. யுரேனஸின் அச்சு கிட்டத்தட்ட 98 பாகை சாய்ந்தது, படுத்துக்கொண்டே சுற்றும் கிரகம். ஆகவே வளையத்தை நெட்டுக்குத்தாகப் போட்டேன். நிறம் சயான், பலகையில் இருந்தது அப்படியே. இந்த ஒன்றுதான் முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

நிலாவை மூன்று தடவை போட்டேன். முதலில் ஆங்கில எழுத்து சி மாதிரி நிமிர்ந்த பிறை, நடுவில் ஒரு நட்சத்திரம். அக்காவின் மாணவி ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, "மிஸ், நிலாவோட இருட்டுப் பக்கத்துக்குள்ள நட்சத்திரம் எப்படித் தெரியும்?" என்று கேட்டாளாம். நியாயம்தானே, அங்கே நிலா இருக்கிறது, அதைத் தாண்டி எதுவும் தெரியாது. நட்சத்திரத்தை வெளியே தள்ளினேன். அடுத்து அக்காவே, "நம்ம ஊர்ல மூணாம் பிறை இப்படியா நிக்குது, தோணி மாதிரி படுத்துக் கெடக்கும்" என்றாள். அதுவும் சரி. நாம் இருப்பது 12.9 பாகை வட அட்சத்தில், சாயங்காலப் பிறை இங்கே பெரும்பாலும் சாய்ந்தோ படுத்தோதான் தெரியும், நிமிர்ந்து நிற்பது வடக்கே தூரத்து நாட்டுக்காரர்கள் பார்க்கும் பிறை. படுக்க வைத்தேன்.

அணுவுக்கு வழக்கம்போல மூன்று நீள்வட்டம், 16 பிக்சலில் இரண்டுதான். எலக்ட்ரான் அப்படிச் சுற்றுவதில்லை என்று தெரியும், அக்காவும் விட்டுவிடச் சொன்னாள்.

ஐகான்களை ஃபோல்டரில் மாட்டுவது சுலபம், பண்புகளில் போய் மாற்றலாம், உள்ளே டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ என்று மறைந்த ஒரு கோப்பு உருவாகும், அவ்வளவுதான். ஐகானைத் திருத்தி மறுபடி வைத்தால் பழசே தெரியும், பயப்படாதீர்கள், விண்டோஸ் பழைய படங்களை ஐகான்கேஷ் டாட் டிபி என்ற கோப்பில் பதுக்கி வைத்துக்கொள்கிறது. அதை அழித்து மறுதொடக்கம் செய்யலாம். நான் சோம்பேறி, ஐகான் கோப்பின் பெயரில் 2, 3 என்று சேர்த்துவிடுவேன். இப்போது 'பிறை3' என்பதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதிர்பார்க்காத ஒரு லாபம் கிடைத்தது, இதைச் சொல்லாமல் விட முடியாது. பென்டிரைவில் பரவும் அந்தப் பழைய வைரஸ் ஞாபகம் இருக்கிறதா, நியூ ஃபோல்டர் டாட் எக்ஸ்இ வகை? உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு எக்ஸ்இ கோப்பு வந்து உட்காரும், மஞ்சள் ஃபோல்டர் ஐகானை மாட்டிக்கொண்டு. ஃபோல்டர் என்று நினைத்து இரண்டு தடவை தட்டினால் தொலைந்தோம். எக்ஸ்பி உயிரோடு இருக்கும் ஆய்வகங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. போன வாரம் யாரோ ஒரு பையன் கொண்டுவந்த பென்டிரைவைச் செருகியிருக்கிறான். மறுநாள் அக்கா திரையைப் பார்த்தால் குடுவை, காந்தம், இலை, குவிமாடம் எல்லாம் போய் வரிசையாக மஞ்சள் ஃபோல்டர்கள். வைரஸுக்கு மஞ்சள் ஒன்றுதான் தெரியும், என் குடுவை தெரியாது. "டேய், உன் படமெல்லாம் காணோம்டா" என்று போன் செய்தாள். எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு காட்பாடிக்கு ஓடினேன். யாரும் தட்டுவதற்கு முன்பே பிடித்துவிட்டோம். எல்லா ஃபோல்டரும் பழையபடி மஞ்சளாகவே இருந்திருந்தால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

குறைகளையும் சொல்லவேண்டும். செல்போன் செயலிக்கு ஐகான் போட இது உதவாது, அது வேறு உலகம், அங்கே எந்த அளவுக்கும் விரியும் வரைபடம்தான் வேண்டும், பிக்சல் பிக்சலாக அடைத்தது ஆகாது. புதிய விண்டோஸில், பெரிய திரையில் என் 32 பிக்சல் குடுவை மழையில் நனைந்த அச்சு மாதிரி மங்கித் தெரிகிறது, அதற்கு 256 வரை தனியாக வரைய வேண்டும். ஐகோஎஃப்எக்ஸ் 256-ஐயும் ஏற்கும், பிஎன்ஜி என்ற பட வடிவமாகச் சுருக்கியும் தரும், ஆனால் அந்தச் சுருக்கம் எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்துதான் செல்லும், எக்ஸ்பிக்குப் புரியாது. எக்ஸ்பிக்குப் போடுகிறவர்கள் சுருக்காமல் சேமியுங்கள், அல்லது 48-ஓடு நிறுத்துங்கள். இந்த இலவசப் பதிப்புக்கு இனி எந்தத் திருத்தமும் வரப்போவதில்லை, எங்காவது இடித்தால் இடித்ததுதான். நேரமும் சாப்பிடும். 32-இல் ஒரு ஐகானுக்கு ஒரு மணி நேரம் என்றால் 16-க்கு அதைவிட அதிகம், சின்னதாகச் சின்னதாக எதை விடுவது என்ற யோசனைதான் வேலை. நுண்ணோக்கியில் கண் வைக்கும் குழாயை வைத்துக்கொண்டு மேடையை விடுவதா, மேடையை வைத்துக்கொண்டு கண்ணாடியை விடுவதா? நுண்ணோக்கி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும், எனக்குத் தெரியவில்லை, போய்க் கேட்டுவிட்டு வந்து வரைந்தேன். புதிய மென்பொருளில் ஒரு வரி தட்டினால் நுண்ணோக்கி படம் வந்துவிடுகிறது, கேட்கவே வேண்டாம். அதுவும் 16 பிக்சலுக்கு வந்தால் கறைதான்.

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐகோஎஃப்எக்ஸ் 1.6.4-க்கு ஐந்தில் நாலு. பெயின்ட்டுக்கு மூன்று, அந்த மூன்றும் வலது பொத்தான் அழிப்பானுக்காக. பழைய கம்ப்யூட்டர் வீட்டில் தூசி படிந்து கிடக்கிறது, பிள்ளைகளுக்கு விடுமுறை, வெளியே போனால் தலை வெடிக்கும் வெயில் என்றால் தாராளமாக முயற்சி செய்யுங்கள். கிராஃப் ஷீட் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐகோஎஃப்எக்ஸ் கிடைக்கவில்லை என்றாலும் ஐகான் கோப்புக்குள் அளவு அளவாகப் பிரித்துக் காட்டும் எந்தப் பழைய எடிட்டரும் போதும்.

எனக்கு இன்னும் ஒன்று பாக்கி. நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனை. சோதனைக் குழாய் 16 பிக்சலில் ஆறு பிக்சல் அகலம், அதற்குள் இரண்டு திரவமும் சேரும் இடத்தில் அந்த வளையம் ஒரே ஒரு வரிசை, நாலு பிக்சல். பலகையில் பழுப்பு கிடையாது. மெரூன், அதாவது இருட்டுச் சிவப்பு வைத்தால் ரத்தம் மாதிரி இருக்கிறது என்கிறாள் அக்கா, ஆலிவ், அதாவது இருட்டு மஞ்சள் வைத்தால் பாசி மாதிரி. ஒன்றுவிட்டு ஒன்று வைத்துப் பார்த்தேன், வளையம் அறுந்து தெரிகிறது. பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.